வடிவு காரின் இஞ்சினைக் கழற்றிய கோடை

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள் காலை பதினோரு மணிக்கு, ஓடைப்புதூர் வடக்குப் புதுத்தெருவில், சண்முகவடிவு தன் காரின் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒட்டுமொத்தமாகத் தூக்கி வெளியே எடுத்தபோது, அவை இருந்த பள்ளத்திலிருந்து குளிர்ந்த காற்று வீச ஆரம்பித்தது. வடிவு அப்போது சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருநூறு கிலோ இரும்பு அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அதனால் காற்றைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. "நல்லவேளை, கொஞ்சம் காத்து வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேலைக்கு மேலே போட்டிருந்த புருஷனுடைய பழைய சட்டையின் கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சங்கிலியை இன்னும் இரண்டு கண்ணி இழுத்தாள்.

வடிவுக்கு ஐம்பத்தோரு வயது. பதினேழு வருஷமாக அந்த ஊரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நர்சுகளும் டீச்சர்களும், கல்யாணத்துக்கு முந்தின மாதம் அவசர அவசரமாக வந்த பெண்களும், பேரன் பேத்தி எடுத்தபிறகு ஆசைப்பட்டு வந்தவர்களும், யாரிடமும் சொல்லாமல் வந்து யாரிடமும் சொல்லாமல் லைசென்ஸ் வாங்கிப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டவர்களும், எல்லோரும் அந்த ஒரே வெள்ளைக் காரில்தான் கற்றுக்கொண்டார்கள். அத்தனை பேருடைய இடதுகாலும் அந்த ஒரு கிளட்சைத்தான் மிதித்தது. எதிரே மாடு வந்தால் மிதித்தார்கள், லாரி வந்தால் மிதித்தார்கள், கொழுந்தனார் வந்தால் இன்னும் பலமாக மிதித்தார்கள். அந்தச் சித்திரையில் கிளட்ச் ஒரேயடியாகத் தேய்ந்துபோய், ரயில்வே மேட்டில் வண்டி உறுமியதே தவிர ஒரு அடி ஏறவில்லை.

பைபாஸ் பட்டறைக்காரர் மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம் வடிவால் பொறுக்க முடியாது. மே இருபத்திரண்டாம் தேதி பாக்கியத்தாய்க்கு டெஸ்ட் இருந்தது.

பாக்கியத்தாய் நகராட்சியின் தூய்மைப் பணியாளர். ஒன்பது வருஷமாக அந்தத் தெருவில் தினமும் காலை ஆறரைக்குத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விசில் ஊதுபவள். தள்ளித் தள்ளி அவளுடைய வலது தோள் இறங்கிவிட்டது. தலைக்கு மேலே கையைத் தூக்கிக் கொண்டை போட முடியாது. இப்போது நகராட்சிக்குப் புது வண்டிகள் வந்திருந்தன. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டுகிறவர்களுக்கு வண்டி, காட்டாதவர்களுக்குப் பழைய தள்ளுவண்டியே. அவள் இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய் இரண்டு தடவையும் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளட்சை டப்பென்று விட்டு வண்டியை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு ஊரில் இருந்த மற்றப் பயிற்சிப் பள்ளிகளின் வண்டிகள் எல்லாம் அவரவர் ஆட்களுக்கே போதவில்லை.

"நாமளே கழட்டிருவோம்" என்றாள் வடிவு.

அப்படித்தான் அது வீட்டு வாசலில் நடந்தது. முதல் நாள் பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பேட்டரியை எடுத்தாள், ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி ஆயிலை வடித்தாள். ஒவ்வொரு ஒயரைக் கழற்றும்போதும், பக்கத்து வீட்டு டெய்லர் ரத்தினவேலிடம் வாங்கிய ரவிக்கை வெட்டுத்துணியில் ஒரு நிறத்தைக் கட்டி அதன் ஜோடியிலும் அதே நிறத்தைக் கட்டினாள். இரண்டாம் நாள் வண்டிக்கு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் நீளத்தண்டைக் கழற்றினாள். அது பழைய காலத்து வண்டி. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே தரையில் திமில் மாதிரி ஒரு மேடு ஓடும், அதற்கு அடியில்தான் கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். கழற்றிய போல்ட்டுகளைச் சமையலறை அஞ்சறைப்பெட்டியின் கிண்ணங்களில் அளவு பார்த்துப் போட்டாள். அவள் புருஷன் கோமதிநாயகம் சேவுக்கடையில் மாஸ்டர். கடுகும் மிளகும் இருந்த இடத்தில் வாஷர்களைப் பார்த்தவர், "தாளிக்கிறதுக்கு என்ன பண்றது வடிவு?" என்று கேட்டார். "நாலு நாளைக்குத் தாளிக்காத குழம்பு சாப்பிட்டா ஒண்ணும் ஆயிராது" என்றாள் அவள். மூன்றாம் நாள் மூன்று இரும்புக் குழாய்களை நட்டு உச்சியில் சங்கிலிக் கப்பியைக் கட்டி, கோமதிநாயகம் ஒரு பக்கமும் ரத்தினவேல் ஒரு பக்கமும் பிடிக்க, வேலை முடித்து வந்திருந்த பாக்கியத்தாய் கியர்பாக்ஸின் வாலைத் தாங்க, இஞ்சின் மூக்கை உயர்த்திக்கொண்டு மெதுவாக வெளியே வந்தது. காற்றும் வந்தது.

இஞ்சினைப் பலகையில் இறக்கி வைத்த பிறகுதான் நான்கு பேரும் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடியில் தெருவின் மண் தெரிந்தது. ஒரு சொட்டு ஆயில் தெரிந்தது. வேறு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, குற்றாலத்தில் சாரல் நேரத்தில் மெயினருவிக்குப் போகும் வழியில் வீசுமே, ஈர மரப்பட்டை வாசனையோடு, அந்த மாதிரி காற்று விடாமல் வந்துகொண்டிருந்தது. கோமதிநாயகத்தின் நெற்றியிலிருந்த திருநீறு காற்றில் உதிர்ந்து, இடம் குளிர்ந்தது.

"இது எங்கயிருந்து வருது?" என்றார் ரத்தினவேல்.

"இத்தனை வருஷம் இஞ்சின் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றாள் வடிவு. அது எல்லோருக்கும் போதுமான விளக்கமாக இருந்தது. பாக்கியத்தாய் மட்டும் கையைப் பள்ளத்துக்குள் நீட்டி, வலிக்கிற தோள்வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

மறுநாள் தெரு தன் ஏற்பாடுகளைத் தொடங்கியது. ரத்தினவேல் தையல் மெஷினை வெளியே கொண்டுவந்து காருக்கு எதிரே போட்டார். சொர்ணம் டீச்சர் தன் கணக்கு டியூசனைக் கார் பக்கத்துக்கு மாற்றினாள். பிள்ளைகளின் நோட்டுத்தாள்கள் படபடக்காமல் இருக்க ஆளுக்கொரு கூழாங்கல் கொண்டுவரச் சொன்னாள். மூன்று வீட்டுத் தொட்டில்கள் சங்கிலிக் கப்பியின் குழாய்களில் கட்டப்பட்டன. வத்தல் போட்டிருந்தவர்கள் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், ஏனென்றால் இந்தக் காற்றில் எதுவும் காயவில்லை. மாறாக, காய்ந்த மிளகாய்கூடக் கொஞ்சம் புஷ்டியானது. நாலு மணி வாக்கில் காற்றோடு தூற்றலும் வந்தது. சில நாள் ஏதாவது ஒரு சின்னப் பொருளும் வந்து விழுந்தது, ஒரு ஈர இலை, ஒரு பிஞ்சு மங்குஸ்தான், ஒருதடவை யாரோ குளிக்கும்போது தவறவிட்ட சோப்பு. சோப்பை சொர்ணம் டீச்சர் கழுவி, "தொலைத்தவர் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று சீட்டு எழுதி ஜன்னலில் வைத்தாள்.

மூன்று நாளில் சண்டை வந்தது. காரின் முகம் கிழக்கே பார்த்திருந்ததால் கிழக்கு வீடுகள் குளிர்ந்தன, மேற்கு வீடுகள் வெந்தன. இஞ்சின் இல்லாத கார் லேசாக இருந்ததால், காலை பத்து மணிக்கு ஒரு தடவையும் பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் நாலு பேர் சேர்ந்து அதைத் திருப்பி வைப்பது என்று முடிவானது. அப்புறம் இடம் யாருக்கு எங்கே என்று ஒரு பட்டியல் வந்தது. பிள்ளை பெற்றவள் முன்வரிசை, மூச்சிரைப்பு உள்ளவர் அதற்குப் பக்கம், பரீட்சை எழுதுகிறவர்கள் அதற்குப் பின்னால், வெற்றிலை போடுகிறவர்கள் காற்றுக்குக் கீழ்ப்பக்கம். ரத்தினவேல் அதை அட்டையில் எழுதிக் கார் கண்ணாடியில் ஒட்டினார். தெருவில் இருந்த முப்பத்திரண்டு வீடும் அதில் இருந்தன. வெளியூரிலிருந்து விருந்தாக வரக்கூடியவர்களுக்கும் இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

வடிவு அதைப் படித்துவிட்டு, "பாக்கியம் பேரு எங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் பாக்கியம்?" என்றார் ரத்தினவேல். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஒன்பது வருஷமாக அவர் வீட்டு வாசலில் விசில் ஊதியவளின் பெயரை அவர் கேட்டதே இல்லை. இஞ்சின் இறக்கியபோது பக்கத்தில் நின்று பிடித்தவளும் அவருக்குக் 'குப்பை வண்டிக்காரம்மா'தான். வடிவு சொல்லித் தெரிந்ததும் அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "அந்தம்மா ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்ல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பாக்கியத்தாய் இதில் கோபப்படவில்லை. காலையில் குப்பை எடுத்துவிட்டுப் போகும்போது காருக்கு எதிரே தள்ளுவண்டியை அரை நிமிஷம் நிறுத்துவாள், முகத்தைக் காட்டுவாள், போவாள். அரை நிமிஷத்துக்கு யார் பட்டியல் போடப்போகிறார்கள்.

நடுவில் ஒருநாள், மழைத்தூற்றல் டியூசன் நோட்டுகளை நனைக்கிறதென்று சொர்ணம் டீச்சர் பானெட்டை எடுத்து மேலே மூடிவைத்தாள். மேலே வழி இல்லாத காற்று முன்பக்கக் கிரில் வழியாகப் பாய்ந்தது. ஹேண்ட் பிரேக் போடாத கார், சபையில் பெரியவரைக் கண்டு பின்வாங்குகிறவரைப் போல மெதுவாகப் பின்னால் போய், நான்காம் வீட்டுத் துணிக்கொடியில் சாய்ந்து, ஒரு பாவாடையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்தில் விட்டார்கள், சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

மே பதினேழாம் தேதி மதுரையிலிருந்து புதுக் கிளட்ச் அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. வடிவு அதைப் பிரித்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, திருப்தியாகி, மறுநாள் இஞ்சினை உள்ளே இறக்கப்போவதாகச் சொன்னாள். அரைமணி நேரத்தில் தெரு அவள் வாசலில் இருந்தது.

"வடிவக்கா, அக்கினி முடிய இன்னும் பதினோரு நாள்தான். அதுவரைக்கும் பொறுங்க" என்றார் ரத்தினவேல்.

"பாக்கியத்துக்கு டெஸ்ட் இருபத்திரண்டு."

"அடுத்த டெஸ்டுல போகட்டுமே."

"அடுத்த டெஸ்டு அடுத்த மாசம். நகராட்சில வண்டி குடுக்கிறது இந்த மாசத்தோட முடிஞ்சிரும்."

"அப்ப இஞ்சினை வெச்சு டெஸ்டை முடிச்சுட்டுத் திரும்பக் கழட்டிருங்களேன்" என்றாள் சொர்ணம் டீச்சர்.

"கழட்டலாம். காத்து திரும்ப வரும்னு நீங்க எழுதித் தருவீங்களா டீச்சர்?"

யாரும் எழுதித் தரத் தயாராக இல்லை. தொட்டிலில் இருந்த ஒரு குழந்தை தூக்கத்தில் சிரித்தது. அதன் கழுத்தில் போன வாரம்வரை இருந்த வேர்க்குரு இப்போது இல்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள். வடிவும் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பாக்கியத்தாய் அன்றைய பாடத்துக்காக வந்து சேர்ந்தாள். வண்டி ஓடாத நாட்களில் வடிவு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று செங்கல்லைக் காலடியில் வைத்து, கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் என்று மிதிக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

பாக்கியத்தாய் கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அக்கா, விடுங்க. பச்சப்பிள்ளைக தூங்குது. நான் அடுத்த வாட்டி பாத்துக்கிறேன்" என்றாள்.

"எந்த அடுத்த வாட்டி?" வடிவுக்கு அப்படியொரு கோபம் வந்தது. "ஒம்பது வருஷமா எல்லாருக்கும் அடுத்த வாட்டின்னுதான சொல்லிக்கிட்டு இருக்க? வீட்டுக்கு வீடு விசிறி இருக்கு. உனக்கு வேற வண்டி இருக்கா? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இஞ்சின் உள்ள போகுது. பிடிக்கிறவங்க பிடிங்க, பிடிக்காதவங்க வீட்டுல இருங்க."

மறுநாள் பத்து மணிக்குப் பிடிக்க மூன்றே பேர் இருந்தார்கள்: வடிவு, கோமதிநாயகம், பாக்கியத்தாய். மற்றவர்கள் அவரவர் வாசலில் நின்று கைகட்டிக்கொண்டு பார்த்தார்கள். தொட்டில்களை அவிழ்த்தார்கள். இஞ்சின் சங்கிலியில் ஏறியது, காருக்கு நேர்மேலே வந்தது, இறங்கியது. பள்ளத்துக்கு ஒரு சாண் மேலே வந்ததும் நின்றுவிட்டது. வடிவு சங்கிலியைத் தளர்த்தினாள். இஞ்சின் இறங்கவில்லை. இன்னும் தளர்த்தினாள். சங்கிலி தொய்ந்து வளைந்து தொங்கியது. இருநூறு கிலோ இஞ்சினும் கியர்பாக்ஸும் காற்றின்மேல், எலுமிச்சம்பழம் ஊற்றுத் தண்ணீரின்மேல் குதிக்குமே, அப்படி லேசாக ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கோமதிநாயகம் அதன்மேல் சாய்ந்து அழுத்தினார். அவரும் சேர்ந்து ஆடினார். வடிவு ஏறி உட்கார்ந்தாள். இஞ்சின் நாலு விரல் இறங்கியது, அவள் மூச்சு விட்டதும் நாலு விரல் ஏறியது.

ஒருமணி நேரம் முயன்று பார்த்துவிட்டு வடிவு இறங்கினாள். "இது ஆகாது. காத்து இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது" என்றாள். அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பானர்களைத் துடைத்தாள்.

தெரு கேட்டது கிடைத்துவிட்டது. யாருக்கும் சந்தோஷமாக இல்லை. பாக்கியத்தாய், "பரவாயில்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தள்ளுவண்டியை எடுத்தாள். இடதுகையால் பிடியை அழுத்தி, வலது முழங்கையை வயிற்றோடு ஒட்டிவைத்து, உடம்பையே ஒருபக்கமாகச் சாய்த்து அவள் தள்ளிக்கொண்டு போனாள். அவள் எப்போதும் அப்படித்தான் தள்ளிக்கொண்டு போவாள். தெரு அதை அன்றைக்குத்தான் பார்த்தது. முப்பத்திரண்டு வாசல்களில் நின்றவர்களும், அவள் முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ரத்தினவேல் தையல் மெஷினில் உட்கார்ந்தார். ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றித் தைத்தார். பிரித்தார். மறுபடி மாற்றித் தைத்தார். பிறகு எழுந்து வந்து வடிவின் முன்னால் நின்றார்.

"வடிவக்கா. அன்னைக்கு பானெட்டை மூடினப்ப இது பின்னால போச்சுல்ல?"

"போச்சு. அதுக்கென்ன?"

"பின்னால போகுதுன்னா, காத்தை வழி மாத்தி விட்டா முன்னாலயும் போகும்ல?"

வடிவு துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். காரின் அடியில் படுத்தாள். கியர்பாக்ஸ் எடுத்த இடத்தில், இரண்டு சீட்டுக்கும் நடுவே முன்னிருந்து பின்னால்வரை, ஒரு ஆள் கையை விடுகிற அகலத்துக்கு நீளமான சுரங்கம் காலியாகக் கிடந்தது. பதினேழு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவள், முதல்தடவை பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

"ஏங்க," என்று அடியிலிருந்தே கோமதிநாயகத்தைக் கூப்பிட்டாள். "கடையில காலி எண்ணெய் டின் எத்தனை இருக்கும்?"

முப்பத்தாறு இருந்தது. அடுத்த மூன்று நாள் வடக்குப் புதுத்தெருவில் சமையல்கூடச் சரியாக நடக்கவில்லை. டின்களை வெட்டி விரித்துத் தட்டையாக்கி, கிரில்லை உள்ளிருந்து அடைத்தார்கள். பள்ளத்தின் வாயிலிருந்து காற்றை வளைத்துச் சுரங்கத்துக்குள் திருப்பும் தொண்டை ஒன்றைத் தகரத்தில் செய்தார்கள். தகரமும் காரும் சேரும் இடங்களில் காற்று ஒழுகாமல் இருக்க ரத்தினவேல் தார்ப்பாயில் உறைகள் தைத்தார், இரட்டைத் தையல், ஓரம் மடித்து. சொர்ணம் டீச்சர் அந்தத் தகரத் தொண்டையின் வாய் அகலத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் கணக்குப் போட்டுக் கரும்பலகையை நிரப்பினாள். எல்லாம் சரியாக இருந்தும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கதவு வேண்டியிருந்தது, யார் செய்த கதவும் நிற்கவில்லை, படார் படார் என்று அடித்துக்கொண்டது.

வடிவு ரயில்வே லைனைத் தாண்டிப் போய்ப் பாக்கியத்தாயைக் கூட்டிவந்தாள். பாக்கியத்தாய் தகரத் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தாள், இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள், "இருங்க வர்றேன்" என்று போனாள். ஊரில் யார் எதை எப்போது தூக்கிப்போட்டார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. இடித்த கல்யாண மண்டபத்தின் ஏசி குழாயிலிருந்து வந்த, நடு அச்சில் சுழன்று திறந்து மூடும் பட்டாம்பூச்சிக் கதவு ஒன்றையும், சைக்கிள் பிரேக் கம்பிகள் நாலையும், ஒரு பழைய குக்கரின் ரப்பர் வளையத்தையும் ஒருமணி நேரத்தில் கொண்டுவந்தாள். கதவு அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. பிரேக் கம்பியை ஆக்சிலேட்டரில் கட்டினார்கள். மிதித்தால் கதவு திறந்து காற்று பின்னால் பாயும், வண்டி முன்னால் போகும். ரிவர்ஸுக்குக் கியர்க்கம்பி இருந்த இடத்தில் ஒரு கரண்டிப்பிடி. அதை இழுத்தால் கிரில் திறந்துகொள்ளும். கிளட்ச் மிதிக்கு வேலையே இல்லை. அது தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

"உட்காரு" என்றாள் வடிவு.

பாக்கியத்தாய் உட்கார்ந்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், இடதுகாலைத் தூக்கிப் பழக்கதோஷத்தில் கிளட்சில் வைக்கப்போய், எடுத்துத் தரையில் வைத்தாள். வலதுகாலை மெதுவாக அழுத்தினாள். கார், காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி 'ஊம்' என்று ஒரு சத்தம் கொடுத்து, தெருவில் நடந்தது. முனைவரை போனது, திரும்பியது, வந்தது. கரண்டிப்பிடியை இழுத்தாள், நேர்கோட்டில் பின்னால் போனது, நின்றது. தெருவே கைதட்டியது. பாக்கியத்தாய் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடிவு கதவைத் திறந்து அவளுடைய இறங்கிப்போன தோளில் கையை வைத்தாள்.

இருபத்திரண்டாம் தேதி காலை, வெள்ளைக் கார் 'ஊம்' என்று முன்னால் போக, இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள்வண்டியை மிதித்துக்கொண்டு கோமதிநாயகம் பின்னால் போனார். இஞ்சின் நம்பர் பார்ப்பார்கள் என்று வடிவுக்குத் தெரியும்.

டெஸ்ட் மைதானத்தில் இருந்த மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் கறாரான மனுஷர். நாற்பத்தோரு டிகிரி வெயிலில் தொப்பியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். காரைச் சுற்றி வந்தார். பேட்டரியை வடிவு திரும்ப மாட்டியிருந்ததால் லைட் எரிந்தது, ஹாரன் அடித்தது, பிரேக்கும் பிடித்தது. பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் அவருடைய தொப்பி பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அவர் அதைக் கவனிக்காததுபோல இருந்தார்.

"இஞ்சின் எங்கம்மா?"

"இதோ சார்" என்று கோமதிநாயகம் சைக்கிள்வண்டியிலிருந்து மூச்சிரைக்கச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, இஞ்சினில் பொறித்த நம்பரை ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. நிமிர்ந்தார்.

"கிளட்ச்?"

"புதுசு வந்திருக்கு சார். வீட்டுல அட்டைப்பெட்டில இருக்கு" என்றாள் வடிவு.

"கியர்?"

"அதுவும் வண்டியிலதான் சார் இருக்கு, இஞ்சினுக்குப் பின்னால."

அவர் ஃபாரத்தைப் பார்த்தார். வண்டிக்குச் சக்கரம் இருக்க வேண்டும், பிரேக் இருக்க வேண்டும், கண்ணாடி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இஞ்சின் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பாக்கியத்தாய் மெதுவாகச் சொன்னாள்: "சார், நகராட்சில தர்றது பேட்டரி வண்டி. அதுலயும் கியர் கிடையாது சார். அதுக்குப் போதும் எனக்கு."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். பிறகு ஃபாரத்தில் ஓரிடத்தில் 'கியர் இல்லாத வாகனம்' என்று எழுதி, அடிக்கோடிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பாக்கியத்தாய் ஓட்டினாள். வளைவுகளில் கை காட்டினாள், கோட்டில் நிறுத்தினாள். ரிவர்ஸ் எடுக்கும் இடம் வந்தது. வேலிக்கு வெளியே நின்ற வடிவு தன் இடதுகாலைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல். கரண்டிப்பிடி இழுபட்டது. கார் கம்பங்களுக்கு நடுவே ஒரு சாண் இந்தப் பக்கமும் ஒரு சாண் அந்தப் பக்கமும் விட்டு, நூல் பிடித்த மாதிரிப் பின்னால் போய் நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. சுரங்கத்தை மூடிய தார்ப்பாய் உறையின் ஒரு தையல் வழியாகக் குளிர்காற்று அவர் கணுக்காலில் வீசிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இன்னொரு ரவுண்டு போங்கம்மா" என்றார்.

அவருடைய சந்தேகம் தீர ஐந்து ரவுண்டு ஆனது. ஐந்தாவது ரவுண்டு முடிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவரே வேலி தாண்டிப் போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டார். தொப்பியின் உள்பக்கம் ஈரமாக ஒரு இலை ஒட்டியிருந்தது.

அவர்கள் தெருவுக்குத் திரும்பியபோது ரத்தினவேல் கண்ணாடியில் ஒட்டிய பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புது அட்டையோடு நின்றார். அதில் முதல் பெயர் பாக்கியத்தாய். அவள் படித்துப் பார்த்துச் சிரித்தாள். "நான் எங்கண்ணே வந்து உக்காரப் போறேன், வேலை கெடக்கு" என்றாள். ஆனாலும் அன்றைக்கு உட்கார்ந்தாள். முன்வரிசையில், தொட்டில்களுக்குப் பக்கத்தில், சொர்ணம் டீச்சர் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, காபி தீர்ந்த பிறகும் ரொம்ப நேரம்.

வைகாசி முடிந்து, ஆனி பிறந்து, மேற்கே மலைப்பக்கம் மேகம் திரண்டு, ஓடைப்புதூரிலேயே மரங்கள் ஆடத் தொடங்கிய ஒரு காலையில், வடிவு தகரத் தொண்டையைப் பிரித்து எடுத்துவிட்டு இஞ்சினைச் சங்கிலியில் ஏற்றினாள். கிளட்ச் உள்ள வண்டி ஓட்டக் கற்க வேண்டிய பெண்கள் ஏழு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். இந்தத் தடவை பிடிக்க இருபது பேர் வந்தார்கள், பிடிப்பதற்கு இருபது பேருக்கு இடம் இல்லாததால் பாதிப்பேர் பிடித்தவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். இஞ்சின் இறங்கியது. ஒரு சாண் மேலே வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். காற்று, பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறவரைப் போல, ஒரு பக்கமாக ஒதுங்கி, பிடித்திருந்த எல்லோருடைய கைக்கும் நடுவே புகுந்து, தெருவோடு தெருவாகக் கிளம்பிப் போயிற்று. போகிற போக்கில் கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் ஒருதடவை தூக்கிவிட்டுப் போனது. இஞ்சின் தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. வடிவு முதல் போல்ட்டை முடுக்கினாள். அன்றைக்கு அவள் வீட்டில் ஆறு வாரத்துக்குப் பிறகு குழம்பு தாளிக்கப்பட்டது.

பதினைந்து நாள் கழித்து, மார்க்கெட்டின் மும்முரமான நேரத்தில், பாக்கியத்தாய் போன் பண்ணினாள். பின்னால் காய்கறிக்காரர்கள் கூச்சலும் ஆட்டோ ஹாரனும் கேட்டன.

"அக்கா, என் வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சு. சார்ஜ் எல்லாம் இருக்கு. ஸ்பானர் செட்டு கைல இருக்கு. பின்பக்க மோட்டாரைக் கழட்டிப் பாக்கட்டுமா?"

ஸ்டியரிங்கில் ஒரு புதுப்பெண்ணை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த வடிவு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள்.

"கழட்டு பாக்கியம். எதுக்குப் பயம்? ஆனா பொறுமையாக் கழட்டு" என்றாள். "முதல்ல தட்டி, உள்ள யாரும் இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோ."